பாஸ்கல் சாப்பிட்டதாக வந்த செய்தி

பட்டினி கிடக்கிறவனின் பெண்டாட்டி சாப்பிடுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது. அதனால் சந்தனமேரி எஸ்டேட் லயத்து வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே இரண்டு வாய் கஞ்சியை விழுங்குவாள். வாயைக் கொப்பளித்து முந்தானையால் அழுந்தத் துடைத்த பிறகுதான் வெளியே தலை காட்டுவாள். விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுத் தேயிலைக் கொழுந்து கிள்ளப் போவாள். முதல் எடை போட்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு மூன்று மைல் இறக்கம் இறங்கிப் பஜாருக்கு ஓடுவாள். அங்கே ரேஷன் சப்ளை ஆபீசுக்கு எதிரில், தார்ப்பாய்ப் பந்தலுக்கு அடியில், பலகைக் கட்டிலில் அவள் புருஷன் பாஸ்கல் கிடந்தான்.

எழுபத்து நாலாம் வருஷத்து ஆடி மழை. கையில் காசு இருந்தாலும் அரிசி கிடைக்காத காலம். செம்பாறை எஸ்டேட்டில் இருநூற்று நாற்பது வீட்டுக்கு ரேஷன் கார்டு கிடையாது. ஆபீசில் கேட்டால், நீங்கள் பாண்டிக்காரர்கள், உங்கள் ஊரில் போய் வாங்குங்கள் என்றார்கள். ஊருக்குப் போய்க் கேட்டால், முப்பது வருஷமாக மலையாளத்தில் குடியிருக்கிறவனுக்கு இங்கே என்ன கார்டு என்றார்கள். பெரிய யூனியன்கள் இரண்டும் ஆளுக்கொரு மனு கொடுத்துவிட்டு ஓய்ந்துபோயின. பாஸ்கலின் கட்சிதான் பட்டினி சமரம் என்று உண்ணாவிரதத்தில் இறங்கியது.

கட்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பச்சைக் கொடி, அதில் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவாத்துக் கத்தி. பெயர் முழ நீளத்துக்கு இருந்தாலும் ஜனங்கள் வாயில் அது கத்திக் கட்சிதான். போன தேர்தலில் பாஸ்கல் நின்று அறுநூற்றுப் பதினோரு ஓட்டு வாங்கினான். பேப்பரில் முடிவு வந்தபோது அவன் பெயர் அதில் இல்லை. 'இதரர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று பேரைச் சேர்த்து அடைத்திருந்தார்கள். கோட்டயத்திலிருந்து வருகிற மலையாளப் பேப்பர்களுக்கு அவன் தமிழன். மதுரையிலிருந்து வருகிற தமிழ்ப் பேப்பருக்கு அவன் கேரளத்துக்காரன். உண்ணாவிரதம் தொடங்கிய சங்கதி மதுரைப் பேப்பரில் மட்டும் நாலு வரி வந்தது, மிளகு விலைக்குக் கீழே, 'பாஸ்கல் என்பவர்' என்று. என்பவர் என்று போட்டுவிட்டார்களே, இனி நான் ஒருத்தன் இருக்கேனா இல்லையான்னு ஊருக்கே சந்தேகம் வந்துரும் என்று சொல்லி அவன் அன்றைக்குச் சிரித்தான். சிரிக்கத் தெம்பு இருந்தது அப்போது.

எட்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. மத்தியானம் போடி பஸ்ஸில் பேப்பர் கட்டு வந்து இறங்கியது. ரத்தினசாமியின் பேப்பர் கடை வாசலில் ஒருத்தர் உரக்க வாசிக்க முப்பது பேர் நின்று கேட்பது அங்கே வழக்கம். அன்றைக்கு வாசிப்பு நடுவில் நின்றது. வாசித்தவர் திரும்பிப் பந்தலைப் பார்த்தார். கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஏதோ சரியில்லை என்று பட்டு, சந்தனமேரி ரோட்டைத் தாண்டி வந்து பேப்பரைக் கையில் வாங்கினாள். அவள் ஐந்தாவது வரை படித்தவள்.

இந்தத் தடவை நாலு வரி இல்லை. இரண்டு காலத்துக்கு, அதாவது இரண்டு பத்தி அகலத்துக்கு, தலைப்புக் கட்டியிருந்தார்கள்: 'உண்ணாவிரதப் பந்தலில் திருட்டுச் சாப்பாடு! பெண்கள் மறைத்து நிற்க, தலைவர் விழுங்கினார்!' ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்கள் சிலர் கம்பளியால் மறைத்துக்கொள்ள, பாதிரியார் ஒருவர் வெள்ளை நிற உணவுப் பொருளைத் தலைவரின் வாயில் வைத்ததாகவும், மனைவி துணி பிடித்ததாகவும், பிறகு தண்ணீர் கொடுத்ததாகவும் கீழே எழுதியிருந்தது.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை பங்குச்சாமி மாட்டுப்பட்டிப் பக்கம் பூசை வைத்துவிட்டு ஜீப்பில் திரும்பினார். கோயிலுக்கு வர முடியாத நோயாளிக்குக் கொண்டுபோவது போலப் பாஸ்கலுக்கும் நன்மை கொண்டுவந்தார். நன்மை என்பது பூசையில் நாக்கில் வாங்குகிற மெல்லிய வெள்ளை அப்பம். எட்டணாக் காசைவிடப் பெரிதில்லை, பல் படாமல் கரைந்துபோகும். வேதக்காரர்களுக்கு அது ஆண்டவருடைய உடம்பு. அதைச் சாப்பாடு என்று நினைத்தாலே பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். இருந்தும் பாஸ்கலுக்கு ஒரு நொடி யோசனை வந்து, இதனால் விரதம் முறிந்துவிடாதா சாமி என்று கேட்கத்தான் செய்தான். ஆண்டவரை வாங்கினால் விரதம் முறியும் என்று எந்த ஊரில் சொன்னார்கள் என்று சாமி கடிந்துகொண்டார். மழைக்காற்று மெழுகுதிரியை அணைத்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் பெண்கள் ஏழெட்டுப் பேர் கம்பளியை விரித்துப் பிடித்துக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நன்மை தவறிக் கீழே விழுந்துவிடாமல் மோவாய்க்கடியில் வெள்ளைத் துணி பிடித்தவள் சந்தனமேரி. அவன் நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டதால் ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தவளும் அவள்தான்.

கம்பளியும் நிஜம், துணியும் நிஜம், தண்ணீரும் நிஜம். எல்லாம் அவள் கையால் நடந்தது.

பொழுது சாய்வதற்குள் பந்தல் காலியானது. பெரிய யூனியன்காரன் ஒருத்தன் புரோட்டாப் பொட்டலம் ஒன்றைக் கட்டில் காலடியில் வைத்து, "தலைவரே, குருமா தனியாக் கட்டியிருக்கு, கம்பளி இருக்குல்லா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் போனால் போகிறான். சந்தனமேரியோடு ஒரே நிரையில் கொழுந்து கிள்ளுகிற ராமுத்தாய், கத்திக் கட்சிக்கு வீடு வீடாக ஓட்டுக் கேட்டவள், அவளும் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உங்க கோயில் வழக்கம் எங்களுக்கு என்ன தெரியும் மேரி, பட்டினின்னு சொல்லிட்டு வாயில வச்சா வச்சதுதானே என்று மெதுவாகத்தான் சொன்னாள். மெதுவாகச் சொன்னது இன்னும் வலித்தது. மறுநாள் பேச வருவதாக இருந்த சப்ளை ஆபீசர், சாப்பிடுகிறவனோடு எனக்கு என்ன பேச்சு என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்.

கட்சிச் செயலாளன் ஏசுதாஸ் கட்டிலருகில் குந்தி உட்கார்ந்து, இதோடு முடித்துக்கொள்வோம் அண்ணே, மழை விட்டபிறகு வேறு வழி பார்ப்போம் என்று கெஞ்சினான். பாஸ்கல் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்.

"இப்ப எந்திரிச்சா, தின்னவன் எந்திரிச்சுப் போனான்னு ஆயிரும்டே. பெறகு நம்ம கட்சிக்காரன் எவனும் எதுக்கும் பட்டினி கெடக்க முடியாது. நான் சாப்பிடலன்னு அந்தப் பேப்பர்லயே வரட்டும். வந்த அன்னைக்கு எந்திரிக்கேன்."

அதோடு நிற்கவில்லை. அதுவரை குடித்துவந்த உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரையும் வேண்டாம் என்றான். உதட்டை நனைக்க மட்டும் விட்டான். ஏற்கெனவே நெஞ்சில் சளி கட்டி இருமிக்கொண்டிருந்த உடம்பு. எத்தனை நாள் தாங்கும் என்று சந்தனமேரி மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள், எண்ணிக்கை ஒரு கையைத் தாண்டவில்லை. அதற்குள் பேப்பரில் வந்தாக வேண்டும்.

ரத்தினசாமி கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரன். அண்ணன் தம்பி நாலு பேருக்குக் கடலைக்காடு பற்றாமல் மலையேறி வந்து மதுரைப் பேப்பருக்கு ஏஜென்சி எடுத்தவன். ஏஜென்டுதான் நிருபரும். எழுதியதைக் கவரில் போட்டு மூன்று மணி போடி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தால் ராத்திரி மதுரை போய்ச் சேரும். மலைக்கு வருகிற பேப்பரை அதற்கு முன்பே அடித்து அனுப்பிவிடுவார்கள் என்பதால், இன்று கொடுத்த செய்தி நாளை மறுநாள்தான் இங்கே வரும்.

"அண்ணாச்சி, இது நீங்க எழுதுனதா?" என்று அவள் கேட்டாள்.

அவன் மறைக்கவில்லை. "நானெழுதுனதுதானுங்க. ஆனா வாயில என்னமோ வெள்ளையா வெச்சாங்க, அப்பறம் தண்ணி குடுத்தாங்கன்னு அவ்வளவுதானுங்க எழுதுனேன். விழுங்குனாருங்கறதும் திருட்டுங்கறதும் மதுரைல சேத்துனதுங்க."

"என்னமோன்னு எழுதுறதுக்கு என்னன்னு கேட்டிருக்கலாம்லா? இந்தா, ரோட்டுக்கு இந்தப் பக்கந்தானே நின்னீக."

அவன் பேப்பர் கட்டின் விளிம்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தான். "அஞ்சு நாளும் தவறாம எழுதிப் போட்டனுங்க அம்மிணி. கார்டு இல்லாத ஊடு எத்தன, கொழந்தைக எத்தனன்னு அத்தனையும் எழுதுனேன். மொதல்ல வந்த அந்த நாலு வரியோட சரி, அப்பறம் ஒரு வரி போடலீங்க. இதையாச்சும் போடுவாங்கன்னு தோணிப்போச்சுங்க."

அவள் நன்மை என்றால் என்ன என்று சொன்னாள். கோயிலுக்குள் காலெடுத்து வைத்திராத மனுஷனுக்கு அதை எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது? பிரசாதம் மாதிரிங்களா என்று கேட்டான். பிரசாதம் வயிற்றுக்குப் போகும், இது வயிற்றுக்கு இல்லை என்றாள். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ, முகம் மட்டும் வெளிறிப்போனது. நன்மை கொடுத்த சாமியே கையெழுத்துப் போட்டு எழுதித் தந்தால் மறுப்பு என்று அனுப்பலாம், வெறுமனே நான் எழுதினால் குப்பையில் போடுவார்கள் என்றான்.

பங்குச்சாமி செய்தியை ஏற்கெனவே படித்திருந்தார். அவருக்கு அவருடைய பயம். நோயாளி என்றுதான் கொடுத்தேன், கட்சிப் பந்தல் என்று கொடுக்கவில்லை, இதை நான் பேப்பரில் ஒப்புக்கொண்டால் எனக்கு மேலிருக்கிற மேற்றிராணியார் கேள்வி கேட்பார் என்று சுற்றிச் சுற்றி அதையே சொன்னார். சந்தனமேரி வாதாடவில்லை. சாமியின் பங்களா வாசலில் மழையில் நின்றாள். விளக்கு வைக்கும் நேரம்வரை நின்றாள். மறுநாள் காலையிலும் வந்து அதே இடத்தில் நின்றாள். குசினிக்காரர் வந்து உள்ளே கூப்பிட்டார். மூன்று வரியில், கையெழுத்தும் கோயில் முத்திரையும் வைத்து, சாமி காகிதத்தைக் கொடுத்தார். புதன்கிழமை மூன்று மணி பஸ்ஸில் அது போனது.

வெள்ளிக்கிழமை வர வேண்டும். வரவில்லை. அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, தங்க பஸ்பம், மாட்டுத் தீவனம், சினிமா விளம்பரம் எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்தாள். அன்று சாயங்காலம் ரத்தினசாமி டிரங்கால் போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்து மதுரையைப் பிடித்தான். அது பழைய விஷயமாகப் போய்விட்டதே, ஒரு சின்னக் கட்சிக்கு எத்தனை தடவைதான் இடம் ஒதுக்குவது, முடிந்தால் பார்க்கிறோம் என்றார்களாம். சனிக்கிழமையும் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் அது. பாஸ்கலின் நெஞ்சுக்குள் ஈரக்கயிறு இழுபடுவது போலச் சத்தம் கேட்டது. கண் திறந்திருந்தாலும் எதிரில் நிற்கிறவர் யாரென்று குரலை வைத்துத்தான் சொன்னான். எஸ்டேட் கம்பவுண்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்றார். பேப்பர் வந்துருச்சா என்று மட்டும் பாஸ்கல் கேட்டான்.

சந்தனமேரி ஏசுதாஸைப் பார்த்தாள். ஒரு தம்ளரில் எலுமிச்சைச் சாறு பிழிந்துகொண்டு பின்னால் வந்து நிற்கச் சொன்னாள். அன்றைய பேப்பரை விரித்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் முன்னால் இருந்தது உர விளம்பரம்.

"வந்துருச்சுங்க," என்றாள்.

"வாசி."

"வருந்துகிறோம். உண்ணாவிரதப் பந்தலில் தலைவர் பாஸ்கல் அவர்கள் சாப்பிட்டதாக நாம் வெளியிட்ட செய்தி தவறு. பங்குக் குருவானவர் அவருக்கு அளித்தது திவ்விய நற்கருணை மட்டுமே. அவர் பன்னிரண்டு நாளாக எதையும் உண்ணவில்லை."

குரல் நடுங்காமல் வாசித்து முடித்தாள். வாழ்நாளில் அவள் அவனிடம் சொன்ன பெரிய பொய் அது. அவன் உதடு அசைந்தது. நம்பிவிட்டான் என்று நினைத்து ஏசுதாஸ் தம்ளரோடு ஓரடி முன்னால் வந்தான்.

"எந்தப் பக்கம்?" என்று பாஸ்கல் கேட்டான்.

"மூணாம் பக்கங்க."

"எவ்வளவு போட்டிருக்கான்?"

அவள் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. எவ்வளவு பொய் சொன்னார்களோ அவ்வளவு உண்மை சொல்ல வேண்டியதுதானே நியாயம் என்று அவள் மனசு கணக்குப் போட்டது.

"ரெண்டு காலத்துக்கு. அன்னைக்குப் போட்ட அதே அளவு."

பாஸ்கலின் நெஞ்சு குலுங்கியது. இருமுகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் சிரித்தான்.

"நமக்கு ரெண்டு காலமா. நாலு வரின்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன், ஏட்டி."

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஏசுதாஸ் தம்ளரைக் கீழே வைத்தான். அதற்குப் பிறகு பாஸ்கல் அவளிடம் கோபமாகவும் பேசவில்லை, ஆசையாகவும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே மூச்சு நின்றுபோனது.

சர்க்கார் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மழையும் குளிரும் ஏற்று வந்த நிமோனியா என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பட்டினி என்று எழுதினால் அவர் ஆபீசுக்குப் பதில் சொல்ல வேண்டும். உடம்பை எஸ்டேட்டுக்குத் தூக்கிவந்து லயத்துக்கு முன்னால் கிடத்தினார்கள். வந்தவர்கள் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். ராமுத்தாயும் வந்து தூரத்தில் நின்றாள். பங்குச்சாமி டாக்டர் சீட்டை வாங்கிப் படித்து, மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். அப்போதுதான் ரத்தினசாமி நனைந்துகொண்டே மேடேறி வந்தான்.

மதுரையிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டுக் கேட்டார்களாம். உண்ணாவிரதம் இருந்தவர் செத்தால் அது முதல் பக்கம். போட்டோ ஒன்று வேண்டும், எப்படி இறந்தார் என்று விவரம் வேண்டும், மூன்று மணி பஸ்ஸில் போய்விட வேண்டும். சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது, தலை நிமிரவில்லை.

சாமி சந்தனமேரியைத் தனியே கூப்பிட்டார்.

"நிமோனியான்னு சீட்டு இருக்கு மகளே. எனக்கு அது போதும், மரியாதையா அடக்கம் பண்ணிருவேன். ஆனா பட்டினி கெடந்தே செத்தாருன்னு நீ சொல்லி அது பேப்பர்ல வந்துட்டா, தன் உசிரைத் தானே மாய்ச்சுக்கிட்டவன்னு ஆயிரும். அப்படிப்பட்டவங்களுக்குக் கல்லறைத் தோட்டத்துல நான் இடம் குடுக்க முடியாது. யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குள் அவளுடைய தாய் தகப்பன் இருந்தார்கள். பாஸ்கலின் தாய் இருந்தாள். பிறந்து ஒன்பதாம் நாள் போன அவர்களுடைய ஒரே பிள்ளை இருந்தது. மந்திரித்த மண்ணில் அதன் பக்கத்தில்தான் தனக்கும் இடம் என்று அவன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். நிமோனியா என்று விட்டுவிட்டால் அந்த இடம் உண்டு. ஆனால் பாஸ்கலைப் பற்றி ஊர் படித்த கடைசிச் செய்தியாக அந்த இரண்டு காலம் அப்படியே நிற்கும். சீக்கு வந்து செத்தான், அதற்கு முன்னால் தின்றான். ஒவ்வொரு வருஷமும் ஆத்துமாக்கள் திருநாளுக்குத் திரி கொளுத்த வருகிறவர்கள் அதைச் சொல்லிக்கொண்டு அவன் தலைமாட்டைத் தாண்டிப் போவார்கள்.

அவள் ரத்தினசாமியிடம் வந்தாள்.

"எழுதுங்க அண்ணாச்சி. பதிமூணு நாள் ஒண்ணும் திங்காமக் கெடந்து பட்டினியால செத்தாரு. சாமி கையால ஒரு நாள் நன்மை வாங்குனாரு. அது சாப்பாடு இல்ல."

அவன் பேனாவை எடுத்தவன் எழுதாமல் நின்றான். சாமி சொன்னது அவன் காதிலும் விழுந்திருந்தது.

"நானெழுதறனுங்க. ஆனா அங்க என்ன பண்ணுவாங்கன்னு என்னால சொல்ல முடியாதுங்க. நிமோனியான்னே போட்டாலும் போட்டுருவாங்க. எடமும் போயி சேதியும் போயிருச்சுன்னா என்னங்க பண்றது?"

"அது எனக்குத் தெரியும். நீங்க எழுதுங்க."

தூறல் படாமல் ஏசுதாஸ் குடை பிடிக்க, அவன் எழுதினான். 'என்று மனைவி கூறினார்' என்று கடைசியில் சேர்த்தால்தான் அவர்கள் வெட்டாமல் விடுவார்கள் என்றான். சேருங்கள் என்றாள். எழுதியதை முழுக்க ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ரேஷன் கார்டுக்காக என்பது அதில் விட்டுப்போயிருந்தது, அதைச் சேர்க்கச் சொன்னாள். போட்டோ கொடுக்கவில்லை. இருந்த ஒரே போட்டோ கல்யாணத்தில் எடுத்தது, அதைப் பார்த்தால் யாரும் அவனைப் பாஸ்கல் என்று சொல்ல மாட்டார்கள் என்றாள்.

சாமி அடக்கச் செபத்துக்காகத் தோளில் போட்டிருந்த பட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டு ஜீப்பில் போய் உட்கார்ந்தார். வண்டி உடனே புறப்படவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு இறக்கத்தில் போய்விட்டது.

கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, பழைய தேயிலைத் தூர்களைப் பிடுங்கிப் போட்டிருந்த சரிவில் குழி வெட்டினார்கள். கட்சிக்காரர்கள் ஆறு பேர் மாறி மாறி வெட்டினார்கள். செபம் சொல்ல ஆளில்லாததால் ராமுத்தாய் முன்னால் வந்து, எனக்கு உங்க செபம் தெரியாதே மேரி என்று சொல்லி அழுதாள். சந்தனமேரி தனக்குத் தெரிந்ததைத் தனியாகச் சொன்னாள். மலைக்கு மேலிருந்து ஊற்று இறங்குகிற இடம் அது; மூன்றடி போனதும் குழியில் தண்ணீர் ஊறியது. ஏசுதாஸ் தகரத்தால் இறைத்து இறைத்துப் பார்த்தான். இறைக்க இறைக்க முழங்கால் அளவுக்கு அது நின்றுகொண்டே இருந்தது. கீழே ரோட்டில் மூன்று மணி போடி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பியது. வெட்டினவர்கள் நிமிர்ந்து அதைப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை.

"போதும் ஏசுதாஸு. இறைச்சது போதும்," என்றாள். "இறக்குங்க."